வரவு நேரம் மாற்றத்துக்கு உட்பட்டது

கோட்டையில், ஐந்தாம் மாடியில்,
கப்பல்களுக்கு நாள் குறிப்பது என் வேலை.
சிங்கப்பூரில் வெளிக்கிட்டது,
செவ்வாய் சேரும் என்று எழுதுவேன்.
அதை வியாழனாக்கி, பிறகு வெள்ளியாக்கி,
கடைசியில் பென்சிலால் எழுதுவேன்.
யன்னலால் பார்த்தால் தெரியும்
வெளித்துறையில் இடம் கிடைக்காமல்
அசையாத சாம்பல் பெட்டிகள்.

என் உடம்பையும் இப்படித்தான்
மூன்று வருடமாக எழுதி வருகிறேன்.
முப்பத்தேழு நாள். ஐம்பத்திரண்டு.
ஒருமுறை தொண்ணூற்றொன்று.
அந்த மூன்று மாதமும் மாமி
தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி
"என்ன பிள்ளை, தள்ளிப் போகுதோ" என்று
சந்தோஷமாயிருந்தா.
தள்ளித்தான் போனது, மாமி.
வெறுமனே.

சுவரில் வங்கிக் கலண்டர்.
போயா நாளெல்லாம் மஞ்சள் வட்டம்.
நிலவுக்கு ஒருநாளும் பிந்தாது.
இறைச்சிக்கடை பூட்டும், சாராயக்கடை பூட்டும்,
நாடே அதை நம்பி லீவு எடுக்கும்.
பக்கத்தில் நான் சின்னதாய்ப் புள்ளி வைப்பேன்,
வைத்த புள்ளியை எச்சில் தொட்டு அழிப்பேன்.

பதினாலாம் நாள் என்று பாடப்புத்தகம் சொன்னது
(அந்தப் பக்கத்தை மட்டும்
வீட்டில் வாசிக்கச் சொன்னா டீச்சர்).
அந்தப் பதினாலாம் நாளுக்காக
வாகீசன் திருகோணமலையிலிருந்து
எத்தனை தரம் வந்து போயிருப்பான்,
லீவுக் கடிதங்களில் எத்தனை பேருக்குக்
காய்ச்சல் வரவைத்திருப்பான்.
அவன் வந்த நாளெல்லாம்
துறைமுகம் காலி.

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையில்,
ரயில் போனால் கட்டில் நடுங்கும் ஸ்கேன் அறை.
என் பெயரை ஒவ்வொரு தரமும்
புது இடத்தில் உடைக்கும் துஷாரி மிஸ்
திரையைத் திருப்பிக் காட்டினா.
இரண்டு சூலகத்திலும்
சவ்வரிசி கொதிக்கிற மாதிரி குமிழ்கள்.
"நெறைய இரிக்கி. ஒண்ணும் பெரிசாகல்ல."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"முட்டை இல்லாமலில்லை.
எப்ப வெளிக்கிடும் எண்டுதான் சொல்லேலாது.
வருசத்தில மற்றவைக்குப் பன்னிரண்டு சந்தர்ப்பம்,
உங்களுக்கு மூண்டோ நாலோ."
அழத் தயாராய்ப் போயிருந்தேன்.
ஆனால் அது என் கந்தோர் பாஷை.
பென்சில் இருக்கிறதா என்று கைப்பையைத் தடவினேன்.

ஐந்து நாள் மாத்திரை.
பன்னிரண்டாம் நாள் ஒன்பது மில்லிமீற்றர்.
பதினாறில் பத்து. ஒரே ஒரு மில்லிமீற்றருக்காக
ஓட்டோக்காரனுக்கு எழுநூறு ரூபாய் கொடுத்தேன்.
பத்தொன்பதில் பதினான்கு.
இருபத்திரண்டில், வலப்பக்கத்தில், பதினெட்டு.
துஷாரி மிஸ் வாய்க்குள் ஏதோ
சிங்களத்தில் பாடினா.

அடுத்த நாள் கந்தோர்க் கழிப்பறையில்
குச்சியில் இரண்டு கோடும் ஒரே கறுப்பு.
வெளியே வந்துவிட்டால்
அதற்கு ஒரு நாள்தான் உயிர்.
"கப்பல் வருது" என்று செய்தி அனுப்பினேன்.
"எது?"
"எங்கட."
நெடுநேரம் பதில் இல்லை.
"நாளைக்கு மேலிடத்துப் பரிசோதனை. விடமாட்டாங்கள்."
"அப்ப நான் வாறன்."

லீவுக்குக் காரணம்: சொந்த அலுவல்.
முதல்தரம் உண்மை எழுதினேன்.

கோட்டை நிலையம். இரவு அஞ்சல் ரயில்.
மடியில் மாலுபாண், கையில் மூன்றாம் வகுப்புச் சீட்டு,
வலப்பக்க அடிவயிற்றில் ஒரு கிள்ளல்.
ஒலிபெருக்கி கரகரத்தது:
ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தும்,
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில்.

பக்கத்து வாங்கில் ஒருத்தன் ஏசினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிந்தியதற்கு நான் எத்தனை பேரிடம் வருந்தியிருக்கிறேன்,
கலியாண வீடுகளில், கோயில் வாசலில்,
முப்பத்தொரு நாள் வேலியை உடம்பு தாண்டும்போதெல்லாம்
அவனிடம்கூட.
என்னிடம் ஒருவரும் வருந்தியதில்லை,
ஒரு மொழியிலும்.

வலப்பக்கத்தில் கைவைத்து
"ஆறுதலாய் வா" என்று சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம். இன்றைக்கு அவசரம்தான்.
இன்னொரு மாலுபாண் வாங்கினேன்.